பொழுதுபோக்குப் பட்டறை – 9: மாருத்தின் இடுப்பு

கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிர்லா கோளரங்கக் காட்சிக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுகிறார்கள். வளாகத்தில் நிற்கும் எச்.எஃப்-24 மாருத் போர் விமானத்தின் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி ஒரு போட்டோ, அவ்வளவுதான். ஜெட் விமானங்களை அளவு பிசகாமல் வரையும் கிறுக்குப் பிடித்தவர்களுக்கோ ஒரு நாள் முழுக்க நின்றாலும் நேரம் போதாது.

மாருத் நம் நாட்டுத் தயாரிப்பு. பெங்களூர் எச்.ஏ.எல்.லுக்கு 1956-ல் வந்த ஜெர்மானியர் குர்ட் டாங்க் தலைமையில் உருவானது. முதலில் மரத்தில் முழு அளவு கிளைடர் செய்து 1959-ல் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1961 ஜூனில் ஜெட்டே பறந்தது. வடிவத்துக்கேற்ற இன்ஜின் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனாலும் 1971 போரில் லோங்கேவாலாவில் தன் வேலையைச் செய்தது.

நீளம் 15.87 மீட்டர், இறக்கை முனைக்கு முனை 9 மீட்டர். 72-ல் ஒரு பங்காகக் குறைத்தால் 22 சென்டிமீட்டர், 12.5 சென்டிமீட்டர். ஏ4 தாளில் அடங்கிவிடும். சிக்கல் பேனாவில் இருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் ரோட்ரிங் பேனாவால் இழுக்கும் கோடு, நிஜ விமானத்தில் 7.2 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சமம். தகடுகளுக்கு நடுவே அவ்வளவு இடுக்கு விட்டால் விமானி ஏறவே மாட்டார்! புதிதாக வருகிறவர்கள் ரிவெட்டையெல்லாம் ஒவ்வொன்றாகப் புள்ளி குத்தி விமானத்துக்கு அம்மை வார்த்துவிடுகிறார்கள். கை தேர்ந்தவர் பாதிக்கு மேல் விட்டுவிடுவார்.

விடக் கூடாதது இடுப்பு. ஒலி வேகத்தை நெருங்கும்போது விமானத்தின் மொத்தக் குறுக்குப் பரப்பு திடீரென்று பெருத்தால் காற்றின் தடை எகிறும். அதனால் இறக்கை சேரும் இடத்தில் உடலை ஒடுக்குவார்கள். மாருத்துக்கும் அப்படி ஒடுங்கிய இடுப்பு உண்டு. தரையில் நிற்கிறவர் கண்ணுக்கு அது சரியாகப் பிடிபடாது, மேலிருந்து பார்க்கும் படத்தில்தான் தெரியும். கிட்டே நின்று எடுத்த போட்டோவை நம்பினால் மூக்கு பெருத்து வால் சிறுத்துவிடும். தள்ளி நின்று ஜூம் போட்டு எடுப்பது ஓரளவு தேவலை. அனுமதி கிடைத்தால், விளிம்புகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்து டேப் பிடிப்பதுதான் உத்தமம். குறுக்குவெட்டு சரியாக இல்லாத படத்துக்கு எத்தனை வண்ணம் பூசினாலும் அது அழகான பொய்தான்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது, தாக்குதல் விமான வரைபடத்துக்குப் பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைக்க, இரவுச் சாப்பாட்டையும் விட்டு வரைபலகையே கதியாகக் கிடந்ததை அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். நம்மவர்களுக்குக் கெடு வைக்க ஆளில்லை. பாதியில் நிற்கும் படங்கள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன.

இன்னொரு தொல்லை வண்ணம். காட்சிக்கு நிறுத்திய விமானங்களுக்கு அவ்வப்போது புதுப் பெயின்ட் அடித்துவிடுவதால், பறந்த காலத்து நிறமும் எண்களும் பழைய போட்டோக்களில்தான் மிஞ்சியிருக்கும். மயிலாப்பூரிலோ அடையாறிலோ விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய ஆல்பத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அவரை உட்காரவைத்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஊர், வருடம், விமானத்தின் எண் மூன்றையும் எழுதி வாங்கிவிடுங்கள்.