கமான் பட்டையும் கால்வாய்க் கரையும்

யூரியா என்றால் மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே வயலுக்குப் போய்விடலாம். நம் பாடு அப்படியில்லை. தொழுவுரம் டன் கணக்கில் போகணும். ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர். ஆகவே இந்த இதழில் ஜீப்பின் கமான் பட்டையைப் பற்றி எழுதுவதற்கு நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.

வங்கியில் இருந்தபோது எத்தனையோ வண்டிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆர்.சி. புத்தகம் பார்ப்பேன், இன்சூரன்ஸ் பார்ப்பேன். ஒரு நாளும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பின் ஒரு பழைய மகிந்திரா டீசல் ஜீப் வாங்கினேன். நாலு சக்கரத்துக்கும் கமான் பட்டைதான். வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிய காலத்து அமைப்பு. நம் தாத்தாக்களின் வில்வண்டியிலும் இதே சங்கதிதான்.

சேரன்மகாதேவியில் என் வயல் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கரைமேல் ஒரு வண்டி போகிற அகலம்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாழை. இரண்டு டிரம் ஏற்றினால் ஆட்களோடு 550 கிலோவைத் தாண்டும். பின்பக்கம் தொய்கிறதே என்று ஒரு பட்டறையில் சொன்னேன். பக்கத்துக்கு இரண்டு தடிப் பட்டை கூட்டிக் கொடுத்தார்கள். “இனி யானையே ஏத்தலாம்” என்றார்கள். எனக்கும் பெருமைதான்.

மூன்றாம் வாரம் கரையில் போகும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். பின் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து வண்டி தண்ணீரை நோக்கி இழுத்தது. ஒரு பனைமரம் தடுத்திராவிட்டால் பின்னால் டிரம்மைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பியின் கதி என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பயமாக இருக்கிறது.

ஊர் மெக்கானிக் அண்ணாச்சி அடியில் படுத்துப் பார்த்தார். “சார், பாத்தியளா? பட்டை ஒண்ணும் முறியல. சென்டர் போல்ட்தான் போயிருக்கு. யு-போல்ட்டு நட்டு நுனியில தொத்திக்கிட்டு நிக்கு.”

பட்டை இரண்டு கூடியபின் பழைய யு-போல்ட்டின் நீளம் போதவில்லை. புதுப் பட்டை பாரத்தில் படிந்ததும் பிடிப்பும் தளர்ந்துவிட்டது. அச்சைப் பிடித்து வைப்பது யு-போல்ட்டின் வேலை. அது விட்டால் விரல் தடிமன் சென்டர் போல்ட் ஒன்றே எல்லாவற்றையும் தாங்கணும். பட்டை மாற்றினால் யு-போல்ட்டும் புதிதாக, சரியான நீளத்தில் போடணும். சில நாள் பாரம் ஏற்றி ஓட்டியபின் திரும்ப முறுக்கணும். நான் கேட்கவுமில்லை, பட்டறையில் சொல்லவுமில்லை.

இன்னொரு கணக்கும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அகலமும் நீளமும் மாறாமல் 6 மில்லி பட்டைக்குப் பதில் 8 மில்லி பட்டை போட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குதானே கூடும் என்று நினைப்போம். இல்லை, ஏறக்குறைய 2.4 மடங்கு ஆகிவிடும். கூட்டுவட்டி மாதிரி! வளையாத பட்டை குலுக்கலை எல்லாம் சட்டத்துக்கு அனுப்புகிறது. என் வண்டியில் பட்டை மாட்டும் பிராக்கெட்டில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தது. வாழைத்தார் கன்றிப்போனதற்கும் காரணம் புரிந்தது.

கழற்றிவிட்டு, கம்பெனி அளவிலேயே புதுக் கட்டு இரண்டு பக்கமும் ஒன்றாகப் போட்டேன். முறிந்த பட்டையை வெல்டிங் வைப்பதற்கு மட்டும் யாரும் சம்மதிக்காதீர்கள். சூட்டில் எஃகின் பதம் போய்விடும். ஷாக் அப்சார்பர் வாங்கும்போது விரிந்த நீளம், சுருங்கிய நீளம் இரண்டையும் அளந்து வாங்கணும். நீளம் பற்றாவிட்டால் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அதுவே பாரம் தாங்கிப் பிய்ந்துவிடும்.

புஷ் விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் வேண்டாம். கிரீஸும் டீசலும் பட்டால் ஊறிக் கெடும். பாலியூரித்தேன் அதிக நாள் உழைக்கும், விலையும் அதிகம். கன்மெட்டல் புஷ்ஷுக்குச் சேற்றில் இறங்கும் வண்டியில் அடிக்கடி கிரீஸ் அடிக்கணும். நான் ரப்பரே போட்டேன். அம்பாசமுத்திரத்திலேயே கிடைக்கிறது.

இப்போது நடைக்கு ஒரு டிரம்தான். டீசல் கூடுதலாகிறது. அந்தப் பனைமரம் வந்ததும் தம்பி இறங்கி நடந்தே வருகிறான். நானும் ஒன்றும் சொல்வதில்லை.