பணியிடத்தில் சொல்லும் செவியும்

திருக்குறளின் அமைச்சியலில் அதிகாரங்கள் அமைந்துள்ள வரிசை எண்ணிப் பார்க்கத்தக்கது. ‘சொல்வன்மை’யை அடுத்தே ‘வினைத்தூய்மை’யும் ‘வினைத்திட்ப’மும் இடம்பெறுகின்றன. சொல்வன்மை என்றவுடன் நம் மாணவமணிகளுக்கு மேடைப்பேச்சே நினைவுக்கு வருகிறது. அதில் பிழையில்லை. ஆயினும், பணிக்குச் சென்றபின் வேண்டப்படும் சொல்வன்மை பெரும்பாலும் ஓரிரு சொற்களில் அடங்குவது, கைதட்டல் பெறாதது. விமானத்துறை அதனைப் பெரும் உயிர்ப்பலிக்குப் பின்னரே கற்றுக்கொண்டது.

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள். ஸ்பெயின் நாட்டுக்குரிய கானரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீஃபின் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. அண்டைத் தீவின் நிலையத்தில் குண்டு வெடித்தமையால் திருப்பிவிடப்பட்ட விமானங்கள் அச்சிறிய நிலையத்தில் நெருக்கியடித்து நின்றன. ஓடுபாதையின் ஒரு முனையில் டச்சு நிறுவனமான கே.எல்.எம். விமானம் புறப்படக் காத்திருந்தது. அதே பாதையில் பான் அமெரிக்கன் விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டும் போயிங் 747 வகையைச் சேர்ந்தவை. பனியினால் ஒன்றையொன்று காண இயலவில்லை. கோபுரத்திலிருந்தும் இரண்டையும் காண இயலவில்லை. எல்லாம் சொல்லை நம்பியே நடந்தாக வேண்டிய நிலை.

கே.எல்.எம். தலைமை விமானி தம் நிறுவனத்தில் 747 பயிற்சிக்கே தலைவர். அருகிலிருந்த துணை விமானியின் தகுதித் தேர்வை நடத்தியவரும் அவரே. அவர் விசையை முன்தள்ளியபோது, அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி ஒருமுறை தடுத்தார். பின்னர் கோபுரத்திலிருந்து கிடைத்தது, புறப்பட்டபின் செல்ல வேண்டிய வழிக்குரிய அனுமதி மட்டுமே. அதனைத் திருப்பிச் சொல்லிய துணை விமானி, ‘புறப்படும் இடத்தில் நிற்கிறோம்’ என்றும் ‘புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்றும் இருபொருள்படும் ஒரு தொடரைச் சேர்த்துக் கூறினார். ‘சரி’ என்ற கோபுரம், காத்திருக்குமாறும் சொன்னது. அதே நொடியில் பான் அமெரிக்கன் விமானம் தான் இன்னும் பாதையிலேயே இருப்பதாக அறிவித்தது. இரு குரல்களும் வானொலியில் மோதிக் கீச்சொலியாயின. ‘சரி’ மட்டுமே தெளிவாகக் கேட்டது.

அடுத்து நடந்த உரையாடலைச் செவிமடுத்த விமானப் பொறியாளர், மற்ற விமானம் பாதையை விட்டு விலகவில்லையா என வினவினார். விலகிவிட்டது என்று தலைவர் உறுதிபடக் கூறினார். அதன்பின் எவரும் வாய் திறக்கவில்லை. 583 பேர் மாண்டனர்.

என் கருத்தில், அப்பொறியாளரின் வினா மிகச் சரியானது. அவ்வினாவுக்கு அவ்வறையில் எடை இல்லாது போனதே கேடு. தலைவரின் பட்டறிவு ஈட்டித்தந்த நன்மதிப்பே பிறர் வாயை அடைத்துவிட்டது. நம் அலுவலகங்களிலும் பெரியவர் சொன்னபின் மறுசொல் ஏது என்று கோப்பை மூடுவோர் பலர். அதனை மரியாதை என்று நாம் அழைக்கிறோம்!

இவ்விபத்துக்குப் பின் வானொலித் தொடர்கள் திருத்தப்பட்டன. புறப்பாட்டைக் குறிக்கும் அச்சொல்லை, புறப்பட அனுமதி வழங்கும்போதும் அதனை நீக்கும்போதும் அன்றி வேறெங்கும் ஆளலாகாது என்பது விதியாயிற்று. வெறும் ‘சரி’ போதாது. பெற்ற கட்டளையைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். 1979இல் நாசா இதற்கென ஆய்வரங்கு கூட்டியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. இளையவர் ஐயத்தை எவ்வாறு வலியுறுத்துவது, மூத்தவர் அதனை எவ்வாறு வரவேற்பது என்னும் இரண்டும் அதில் பாடங்களாயின. இரண்டாவது பாடமே கடினமானது என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவார்கள்.

1989 ஜூலை 19இல் அதே நிறுவனத்தின் விமானம் ஒன்று, நடுவானில் வால்புற எஞ்சின் சிதறி, திசைதிருப்பும் கருவிகள் அனைத்தையும் இழந்தது. தலைமை விமானி ஆல் ஹேன்ஸ், உடனிருந்தோர் கருத்துகளையெல்லாம் கேட்டார். பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவரையும் அறைக்குள் அழைத்து விசைகளை அவர் கையில் ஒப்படைத்தார். விமானம் அயோவா மாநிலத்துச் சூ நகர நிலையத்தில் மோதித் தரையிறங்கியது. 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தனர். அதன் பெருமையைத் தமக்கென வைத்துக்கொள்ளாத ஹேன்ஸ், தாம் பெற்ற அப்பயிற்சியையே பின்னாளில் மேடைதோறும் எடுத்துரைத்தார்.