சொந்த ஊரைப் படமெடுப்பது

ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் மதுரை மாவட்டம் ஜவஹர்லால்புரத்துக்காரர். மீன் விற்றுக் குடும்பத்தைக் கரைசேர்த்த தன் அம்மாவின் அன்றாடத்தைப் படங்களாகப் பதிவு செய்தவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களையும் எடுத்திருக்கிறார். 2017இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் இவரே. தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்றுத்தருகிறார்.

நம் ஊரில் எடுக்க

அவரைப் போல நாமும் சொந்த ஊரைப் படமெடுக்கலாம். நம் ஊர் அய்யனார் கோயிலும் அதைச் சூழ்ந்த காடும், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம், கிழக்குக் கடற்கரைச் சாலை, வடக்கே மரக்காணம் உப்பளங்கள்: எல்லாமே படத்துக்கு உரியவைதான்.

உப்பளத்தில் வெளிச்சம்

கேமராவை ‘ஆட்டோ’வில் விட்டால் வெள்ளை உப்பு பெரும்பாலும் சாம்பல் பூத்துவிடும்; பாத்தியில் நிற்பவர் முகம் கறுத்துப்போகும். வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி வையுங்கள். காலைச் சாய்வெயிலில் உப்பு வாரிய பலகையின் தடம்கூடத் துலங்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கி, உப்பு வாருவது நின்றுவிடும்.

வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்த படத்தை முதலில் அவர்களிடமே காட்டுங்கள்.