முந்நூறு கிலோ மாடு, முந்நூறு கிலோ குதிரை

கொடைக்கானல் ஏரிச் சாலையில் சவாரிக் குதிரைகள் நிற்கும். மலையிறங்கிப் பழனிப் பக்கம் வந்தால் தோட்டத்துக்குத் தோட்டம் கறவை மாடுகள். ஒரு குதிரை, ஒரு மாடு, இரண்டும் சரியாக 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் காயத்தில் தையல் போட வேண்டும். துள்ளாமல் நிற்க சைலசின் ஊசி. குதிரைக்கு நரம்பு ஊசியாகக் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம், ஆக 330 மில்லிகிராம். மாட்டுக்குச் சதை ஊசியாகக் கிலோவுக்கு 0.1 போதும், ஆக வெறும் 30. எடையும் மருந்தும் ஒன்றுதான். அளவில் மட்டும் பதினொரு மடங்கு வித்தியாசம்! அசைபோடும் விலங்குகளை இந்த மருந்து அவ்வளவு சீக்கிரம் சாய்த்துவிடும். குதிரையின் அளவை மாட்டுக்கு ஏற்றினால் மூச்சு தளரும், வயிறு உப்பும், மாடு எழாமலே போகலாம்.

அளவை முடிவு செய்பவர் மருத்துவர். ஆனால் மருந்தை ஊசிக்குழலில் இழுப்பது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் உதவியாளரின் கை. வெளிநாடுகளில் கால்நடைச் செவிலியர் என்று தனிப் படிப்பே உண்டு. மருந்துக் கணக்கு அதில் முக்கியமான பாடம்.

முதல் சிக்கல் எடை. கிராமத்துக் கொட்டிலில் தராசு ஏது? ஒரு நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்பு வரை நீளம். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 55 அங்குலம் என்றால் சரியாக 300 கிலோ. மாட்டின் உடல் ஏறக்குறைய ஓர் உருளை. உருளையின் பருமன் சுற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் நீளத்தில் ஓரங்குலம் பிசகினால் ஐந்தரைக் கிலோதான் மாறும். சுற்றளவில் பிசகினால் 10 கிலோ. நாடாவை இறுக்கிப் பிடிக்கிறோமா, தளர விடுகிறோமா என்பதிலேயே மருந்தின் அளவு ஆடிவிடும். கொடைக்கானல் தெருக்களில் நுழையும் காட்டுமாட்டுக்கு மயக்க ஊசி போடும்போது இந்த வசதியும் இல்லை. அங்கே கண்மதிப்புதான், அதனால்தான் அந்த வேலைக்கு அத்தனை அனுபவம் தேவைப்படுகிறது.

அடுத்தது மருந்துப் புட்டி. ஐவர்மெக்டின் என்ற புழுநீக்க ஊசி மருந்தில் 1 சதவீதம் என்று இருக்கும். அதாவது 100 மில்லியில் 1 கிராம், ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். கிலோவுக்கு 0.2 வீதம் நம் மாட்டுக்கு 60 மில்லிகிராம். 6 மில்லி இழுக்க வேண்டும். சைலசின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என இரு செறிவுகளில் வருகிறது. முதல் புட்டியில் நம் மாட்டுக்கு ஒன்றரை மில்லி. அதே ஒன்றரை மில்லியை மற்றப் புட்டியிலிருந்து இழுத்தால் ஐந்து மடங்கு. புட்டி மாறினால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். இதில் அவசரத்துக்கு இடமே கிடையாது.

எடைக்கு எடை பெருக்கினால் போதும் என்பதும் சரியல்ல. 1962-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டஸ்கோ என்ற யானைக்கு எல்எஸ்டி என்ற போதைமருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். பூனைக்குரிய அளவைக் கொண்டு எடைக்கணக்கில் பெருக்கி 297 மில்லிகிராம் செலுத்தினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் யானை இறந்தது. விஞ்ஞானி மாக்ஸ் கிளைபர் 1932-லேயே காட்டியிருந்தார்: உடல் பெரிதாகும் அளவுக்கு அதன் உள்ளே எரியும் வேகம் பெருகுவதில்லை. யானை பூனையைப்போல் ஆயிரம் மடங்கு கனம் என்றால், அதன் உடல் செலவழிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 178 மடங்குதான். மருந்தை மட்டும் ஆயிரத்தால் பெருக்கினால் அளவு மிஞ்சிவிடும். பழனிக் கோயில் யானை கஸ்தூரிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த டஸ்கோதான் நினைவுக்கு வரும்.

உங்கள் கொட்டிலில் மாடு இருந்தால், அது நலமாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள். தையல் நாடா 60 அங்குலத்தோடு முடிந்துவிடும். பெரிய மாடென்றால் கயிற்றைச் சுற்றி, பிறகு கயிற்றை அளக்கலாம். வந்த எடையைத் தேதி போட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்து, கால்நடை ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும்போது மருத்துவருக்கு முதலில் வேண்டியது அந்த எடைதான்.