காற்றின் சேதி கைப்பேசிக்கு வரும் வழி

யந்திரத்தின் துணையின்றி, வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் காற்றையும், மலைச்சரிவில் மோதி உயரும் காற்றையும் மட்டுமே நம்பி மணிக்கணக்கில் ஆகாயத்தில் சஞ்சரிக்கும் கிளைடர் விமானத்தை ஓட்டுபவருக்கு, தாம் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்னும் அறிவே ஆதாரமாகும். ஆனால் மனித சரீரத்திற்கு வேகத்தின் மாறுதலை உணரும் சக்தி உண்டேயன்றி, ஒரே சீராக ஏறுவதையோ இறங்குவதையோ உணரும் சக்தி கிடையாது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதைக் கொண்டு ஏறும் வேகத்தை முள்ளால் காட்டும் வேரியோமீட்டர் இக்குறையைத் தீர்த்தது. அதனை முதன்முதலில் கிளைடரில் பயன்படுத்தியவர்களுள் ஒருவரான ராபர்ட் குரோன்ஃபெல்ட், 1929-இல் ஜெர்மனியில் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் பறந்து சாதனை புரிந்தார்.

இன்று கைப்பேசியில் இயங்கும் எக்ஸ்சி-சோர் போன்ற செயலிகள், வரைபடத்தோடு, எந்த இறங்குதளத்தைச் சேர இயலும் என்ற கணக்கையும் கணத்துக்குக் கணம் காட்டுகின்றன. எனினும் கைப்பேசி தன்னந்தனியே அறிவது சொற்பமே. ஜிபிஎஸ் தருவது தரையைச் சார்ந்த வேகம். காற்றினூடே செல்லும் வேகம் அதற்குத் தெரியாது. மேலும், விமானி தம் வேகத்தைக் குறைத்து உயரத்தை ஈட்டும்போது, அதனைக் காற்று தூக்கியதாகவே கைப்பேசி பிழைபட உணரும். இப்பிழையை நீக்கும் குழாய் விமானத்தின் உடலில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆதலின் விமானக் கருவிகள் அறிந்ததைக் கைப்பேசிக்கு உரைப்பது அவசியமாகிறது.

அவை உரைக்கும் முறை எளியது. டாலர் குறியில் தொடங்கி, காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட எண்களும் எழுத்துகளும் அடங்கிய சிறு வரிகளாக, என்எம்இஏ என்னும் ஒழுங்கில் தகவல்கள் புறப்படுகின்றன. 2004-இல் சுவிட்சர்லாந்தில் அறிமுகமான ஃபிளார்ம் என்னும் மோதல் எச்சரிக்கைக் கருவியும், அண்மையில் பறக்கும் விமானங்களைப் பற்றி இவ்வாறே தெரிவிக்கிறது. கருவியின் கம்பித் துளையில் செருகப்படும் சிறு புளூடூத் சாதனம் அவ்வரிகளை 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் ஏற்றி அனுப்புகிறது. வரியின் இறுதியில் நட்சத்திரக் குறிக்குப் பின் வரும் சோதனை எண்ணைத் தன் கணக்கோடு ஒப்பிட்டு, பொருந்தாத வரியைக் கைப்பேசி தள்ளிவிடும். வினாடிக்கு இத்தனை பிட் என்னும் வேகம், கருவியிலும் சாதனத்திலும் ஒன்றாக அமையாவிடில், வந்து சேர்வது அர்த்தமற்ற எழுத்துக் குவியலே. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பழைய தொடர்வழிப் புளூடூத்தை ஏற்கின்றன. ஐபோனுக்குப் பொதுவாகக் குறைந்த மின்சக்திப் புளூடூத் முறையே பொருந்தும்.

இத்தனை வசதியிலும் ஓர் எச்சரிக்கை மறக்கத்தகாதது. கண்ணாடி விதானத்தின் கீழ் வெயிலில் காயும் கைப்பேசி சூடேறி அணையக்கூடும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு சொல்லாமலே அறுந்துபோகவும் கூடும். ஆகவே இணைப்பைத் தரையிலேயே சோதித்தறிந்து, முள்ளுள்ள கருவிகளைப் பலகையில் என்றும் நிலைநிறுத்தி, பார்வையைப் பெரும்பாலும் வெளிவானில் செலுத்துவதே விமானியின் கடமை. கைப்பேசி நல்ல ஆலோசகனாகலாம், அதிபதியாகலாகாது.