விடாத பிறேக்

ஓடும் வண்டியை நிறுத்துவது பிறேக்கின் முதற் கடமை. மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் சில்லை விட்டுவிடுவது அதன் இரண்டாவது கடமை. முதலாவது தவறினால் சாரதி உடனே அறிவார். இரண்டாவது தவறுவதைப் பலர் நெடுநாள்வரை அறிவதில்லை.

சில்லோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் பற்றும் கிடுக்கி போன்ற உறுப்பே கலிப்பர் எனப்படும். மிதியை அழுத்தும்போது பிறேக் ஒயிலின் அமுக்கம் கலிப்பருள் இருக்கும் பிஸ்ரனைத் தள்ள, அது உராய்வுக் கட்டையைத் தட்டின்மேல் அழுத்துகின்றது. பிஸ்ரனைப் பின்னிழுப்பதற்கு அங்கே சுருள்வில் எதுவும் இல்லை. அதனைச் சூழ்ந்துள்ள றப்பர் வளையம் அமுக்கத்தால் சற்று முறுகி, அமுக்கம் நீங்கியதும் பழைய நிலைக்கு மீள்கையில், பிஸ்ரனையும் மயிரிழையளவு பின்வாங்கச் செய்கின்றது. இத்துணை மெல்லிய விசை துருவையும் அழுக்கையும் வெல்லமாட்டாது.

விடாத கட்டை ஓயாது உராய்ந்து சூடேறும். புதிய டொட் 3 வகை ஒயில் 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பின்னரோ 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்கும் வண்டியொன்றில் இவ்வாறு நிகழ்ந்தால், ஒயில் ஆவியாகி, மிதி எதிர்ப்பின்றித் தாழ்ந்துவிடும். விடாத பிறேக்கே ஈற்றில் பிடிக்காத பிறேக்காகின்றது.

வண்டி ஒரு பக்கம் இழுத்தல், கருகிய நாற்றம், ஒரு சில்லு மாத்திரம் மிகச் சூடாயிருத்தல் என்பன இதன் அறிகுறிகள். சூட்டை அறியச் சில்லைத் தொடலாகாது. புறங்கையை அருகிற் கொண்டுசென்றாலே போதும்.

அடுத்து, சமதரையில் வண்டியை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் நிறுத்திச் சில்லைக் கையாற் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். சுழலாதாயின், கலிப்பரிற் காற்றகற்றும் சிறு திருகாணியைச் சற்றுத் தளர்த்துக. ஒயில் பீறிட்டுச் சில்லு விடுபட்டால், அமுக்கம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்பது தெளிவு. உட்புறம் வீங்கிய றப்பர்க் குழாயோ, மிதியோடு இணைந்த தலைமைச் சிலிண்டரோ அதற்குக் காரணமாகலாம். விடுபடாதாயின் குறை கலிப்பரிலேயே உள்ளது. உட்கட்டை வெளிக்கட்டையிலும் அதிகம் தேய்ந்திருப்பின், கலிப்பர் வழுக்கி நகரும் ஊசிகள் இறுகியிருத்தல் கூடும்.

ஊசிகளைத் துடைத்து, பிறேக்குக்கெனச் செய்யப்பட்ட சிலிக்கன் கிறீசையே பூசுதல் வேண்டும். சாதாரண கிறீஸ் றப்பரை வீங்கச் செய்யும். துருவாற் குழிவிழுந்த பிஸ்ரனைத் தேய்த்துப் பயன்படுத்தலாகாது. அதனையும் வளையத்தையும் புதிதாக மாற்றுவதே முறை. கழற்றிய கலிப்பரைக் குழாயில் தொங்கவிடாது கம்பியாற் கட்டிவைத்தல் நன்று. இறுதியிற் காற்றை முற்றாக அகற்றி, மிதி உறுதியாக நிற்கின்றதா எனப் பார்த்த பின்னரே வண்டியை வீதிக்குக் கொண்டுவருதல் வேண்டும். இவ்வேலையிற் பழக்கமில்லாதவர் அதனைத் தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

ஈரமே இக்கேடுகள் பலவற்றுக்கும் மூலம். எனவே, இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை ஒயிலை மாற்றுவது வீண் செலவன்று. அது மலைவீதியில் இறங்குவோரின் உயிர்க்காப்பு.