மோட்டார் நுழையாத மலை; மனிதர் இழுத்த ரிக்‌ஷா!

மாதேரான் சொல்லும் பாடம்

ஹார்ன் சத்தமே கேட்காத ஊர் ஒன்று மகாராஷ்டிராவில் இருக்கிறது. அங்கே கார் ஓடாது. பஸ் ஓடாது. ஸ்கூட்டர்கூட ஓடாது!

அந்த ஊரின் பெயர் மாதேரான். அம்பர்நாத், பத்லாப்பூர் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது பக்கத்து ஊர் மாதிரி. கர்ஜத் செல்லும் மின்சார ரெயிலில் ஏறி நேரல் நிலையத்தில் இறங்கினால், மலை எதிரே நிற்கும்.

கலெக்டர் கண்ட காடு

1850-ம் ஆண்டு தானே மாவட்ட கலெக்டராக இருந்த மாலெட் என்ற வெள்ளைக்காரர் இந்த மலையில் ஏறினார். சுமார் 2,600 அடி உயரம். அடர்ந்த காடு. குளிர்ந்த காற்று. கோடைப் புழுக்கத்தில் இருந்து தப்ப நல்ல இடம் என்று கண்டுகொண்டார். பிறகு பம்பாய் செல்வந்தர்களின் பங்களாக்கள் ஒவ்வொன்றாக எழும்பின.

மலை ஏற ரெயில் பாதை போட்டது ஓர் இந்தியக் குடும்பம். சர் ஆதம்ஜி பீர்பாய் பணம் கொடுத்தார். மகன் அப்துல் உசேன் முன்னின்று பாதையை அமைத்தார். செலவு 16 லட்சம் ரூபாய். 1907-ல் ரெயில் ஓடத் தொடங்கியது. இரண்டே அடி அகலப் பாதையில், பாம்புபோல் வளைந்து வளைந்து சுமார் 21 கிலோ மீட்டர் ஏறுகிறது.

2005-ம் ஆண்டு பெருமழை இந்தப் பாதையை அடித்துச் சென்றது. 2007-ல் மீண்டும் ரெயில் ஓடியது. 2019 மழையில் மறுபடியும் சேதம். 2022 அக்டோபரில்தான் நேரலில் இருந்து மாதேரான் வரை முழுப் பாதையும் திறந்தது.

தஸ்தூரியோடு சரி

மோட்டார் வண்டிகள் தஸ்தூரி என்ற இடத்தோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. 2003-ம் ஆண்டு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாதேரானையும் அதன் சுற்றுப்புறத்தையும் பாதுகாக்க வேண்டிய பகுதியாக அறிவித்தது. கட்டிடங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது.

இந்தத் தடையின் அருமை நம் ஊட்டியையும் கொடைக்கானலையும் பார்த்தவர்களுக்குப் புரியும். அங்கே கோடையில் மலைப்பாதை முழுக்க கார் வரிசை! சென்னை ஐகோர்ட்டு தலையிட்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6 ஆயிரம் வண்டிகள், வார இறுதியில் 8 ஆயிரம் வண்டிகள் என்று எண்ணிக்கையே குறிக்கப்பட்டது. ஊட்டியில் வண்டிகளை எண்ணுகிறார்கள். மாதேரானில் வண்டியே இல்லை.

அப்படியானால் மாதேரானில் எல்லாம் சுகம்தானா? அதுதான் இல்லை.

யார் தோளில்?

தஸ்தூரியில் இருந்து கடைத்தெருவுக்குப் போக ஏறக்குறைய இரண்டரை கிலோ மீட்டர். நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? குதிரை ஏறுவார்கள். அல்லது கை ரிக்‌ஷாவில் உட்கார்ந்து போனார்கள்.

முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவரோ இருவரோ தள்ள, செம்மண் மேட்டில் அந்த ரிக்‌ஷா ஏறியது. மழைக்காலத்தில் மண் அரித்து கல் பெயர்ந்து கிடக்கும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது இன்னும் கஷ்டம்.

ஊருக்கு வேண்டிய அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் இப்படித்தான் மேலே போயின. குதிரை முதுகு, இல்லையென்றால் மனிதர் கை!

மலையில் புகை இல்லை என்று நாம் மூச்சை நிம்மதியாக இழுத்துவிட்டோம். அதற்காக ஒரு தொழிலாளி மூச்சிரைக்க வண்டி இழுத்தார்.

கோர்ட்டு படியேறினார்கள்

ரிக்‌ஷா தொழிலாளர்கள் தரப்பில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். "எங்களுக்கு பேட்டரி ரிக்‌ஷா கொடுங்கள்" என்பது கோரிக்கை. 2022-ல் சோதனை முறையில் ஓட்டிப் பார்க்க கோர்ட்டு அனுமதித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பேட்டரி ரிக்‌ஷாக்கள் மலையில் ஓடின. பின்னர் 20 வண்டிகள் என்று வரம்பு வந்தது. கை ரிக்‌ஷா இழுத்தவர்களுக்கே அவற்றைக் கொடுக்க வேண்டும் என்றும் கோர்ட்டு சொன்னது.

குதிரைக்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் கவலையிலும் நியாயம் உண்டு. நானூறுக்கும் மேற்பட்ட குதிரைகளை நம்பி பல குடும்பங்கள் பிழைக்கின்றன. பேவர் கல் பதித்த பாதையில் குதிரைக் குளம்பு வழுக்கும் என்பதும் அவர்கள் புகார்.

2025 ஆகஸ்டு 6-ந் தேதி தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வு முடிவாக உத்தரவிட்டது. மனிதரை மனிதர் இழுக்கும் வழக்கத்தை ஆறு மாதத்தில் நிறுத்த வேண்டும். இழுத்தவர்களுக்கு பேட்டரி ரிக்‌ஷா தந்து மறுவாழ்வு அளிக்க வேண்டும். அவர்களுக்குப் போக மிச்சம் உள்ள வண்டிகளை ஆதிவாசிப் பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் தரலாம். பணம் இல்லை என்று அரசு சாக்குச் சொல்லக்கூடாது!

பேவர் கல்லுக்கும் எல்லை வகுத்தார்கள். தஸ்தூரியில் இருந்து சிவாஜி சிலை வரை பதிக்கலாம். உட்புறப் பாதைகளிலும் காட்டு வழிகளிலும் கூடாது.

தமிழ்நாட்டில் கருணாநிதி முதல்-அமைச்சராக இருந்தபோது, 1973-லேயே கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது. இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கிடைத்தது. மாதேரானுக்கு அந்த நியாயம் வந்துசேர அரை நூற்றாண்டு பிந்திவிட்டது.

என்ன வழி?

சுற்றுலா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பயணி வராவிட்டால் அந்த மலையில் அடுப்பு எரியாது. ஆனால் கூட்டம் பெருகப் பெருக காசு யாருக்குப் போகிறது, பாரம் யார் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

மலைக்கு ஏற்ற வண்டி ரெயில்தான். நேரல் ரெயில் நிற்கும் மழைக்காலத்திலும், தஸ்தூரி அருகே உள்ள அமன் லாட்ஜ் நிலையத்தில் இருந்து மாதேரானுக்கு ரெயில் ஓடுகிறது. அந்த நடைகளைக் கூட்டினால் நெரிசல் குறையும். பேட்டரி ரிக்‌ஷா, உழைத்தவர் கையில் இருக்க வேண்டும். கம்பெனி கைக்குப் போய்விடக் கூடாது. குதிரைக்கும் கூலியாளுக்கும் உரிய கட்டணத்தை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும். பயணிகள் தஸ்தூரியில் ஏமாற்றப்படுகிறார்கள் என்று சொல்லி, 2025 மார்ச் மாதம் ஊர் மக்களே கடையடைப்பு நடத்தியது நினைவிருக்கட்டும்.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையை விட்டு வார நாளில் போகலாம். கால் நன்றாக இருப்பவர்கள் நடக்கலாம். மர நிழல் வழி முழுக்க வரும். கட்டுச்சோறு கொண்டுபோனால் பிளாஸ்டிக் பையை மலையில் வீசாமல் கீழே எடுத்து வரலாம்.

பை தூக்க ஆள் பிடித்தால், ஐந்துக்கும் பத்துக்கும் பேரம் பேச வேண்டாம். ஊரை விட்டு வந்து உழைத்துப் பிழைக்கும் நமக்கு, கூலியின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.